ஒரு படத்துக்கு எத்தனை படிகள்?

உங்கள் கைபேசியில் என்றேனும் ஒருநாள் "சேமிப்பிடம் நிறைந்துவிட்டது" என்ற அறிவிப்பு வந்திருக்கும். இணையத்தில் படங்களைச் சேர்த்து வைப்பவர்களில் அதைக் காணாதவர்கள் குறைவு. 'இத்தனை படங்களையா எடுத்தோம்?' என்ற வியப்புடன் திறந்து பார்த்தால், வீட்டுத் திருமணத்தில் எடுத்த ஒரே படம் நான்கு இடங்களில் நிற்கிறது. ஒன்று நீங்கள் எடுத்தது. இரண்டாவது, நீங்கள் அனுப்பியதைச் சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டபோது உங்களிடமே திரும்பி வந்தது. மூன்றாவதில் அத்தை மகள் ஓரங்களை வெட்டிச் சற்று வெளிச்சம் கூட்டியிருக்கிறாள். நான்காவது, பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு மாறியபோது மறுபடியும் ஏறிக்கொண்டது.

மூன்றை நீக்கிவிட்டால் இடம் மிச்சமாகும். ஆனால் எந்த மூன்றை? நம் கண்ணுக்கு நான்கும் ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை நான்கு தனித்தனிப் பொருள்கள். நமக்கு ஒன்றாகத் தெரிவது இயந்திரத்துக்கு ஏன் வேறாகத் தெரிகிறது, அவை ஒன்றே என்று அதற்கு எப்படிக் கற்பித்தார்கள், தவறான படியை நீக்கினால் நாம் எதை இழப்போம் என்பவற்றை இங்கே காண்போம்.

இந்தக் கேள்வி பலருக்கும் திடீரென்று எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கூகுள் போட்டோஸ் என்னும் சேவை 2015-ஆம் ஆண்டு தொடங்கியபோது, சற்றுச் சுருக்கிய படங்களை அளவேயின்றி இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2021 ஜூன் 1-ஆம் நாளோடு அந்தச் சலுகை நின்றது. அதற்குப் பின் ஏற்றிய படங்கள், மின்னஞ்சலுக்கும் மற்றக் கோப்புகளுக்கும் பொதுவான 15 கிகாபைட் இலவச ஒதுக்கீட்டில் கணக்காயின. ஒரு படம் 4 மெகாபைட் என்று கொண்டால், வேறொன்றும் வைக்காவிட்டாலும் 15 கிகாபைட்டில் 3,750 படங்களே அடங்கும். நம்மில் பலர் அதை இரண்டு ஆண்டுகளில் எடுத்து முடித்துவிடுகிறோம்.

எண்களாலான படம்

கணிப்பொறியைப் பொறுத்தவரை படம் என்பது எண்களின் வரிசையே. 4,000 நீளமும் 3,000 அகலமுமாகப் புள்ளிகள் நிரம்பிய ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக, 3 கோடியே 60 லட்சம் எண்கள். அப்படியே எழுதி வைத்தால் 36 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆனால் உங்கள் கைபேசியில் அந்தப் படம் மூன்று நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

இதற்கு விடை, பெங்களூரில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற நசீர் அகமது என்னும் பொறியியலாளரின் சிந்தனையில் தொடங்கியது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், படத்தைப் புள்ளி புள்ளியாக எழுதாமல், 'மெதுவாக மாறும் பகுதி இவ்வளவு, விரைந்து மாறும் பகுதி இவ்வளவு' என்று அலைகளின் கூட்டாக எழுதும் ஒரு கணித முறையைக் கருதினார். 1972-இல் இதை ஆராய நிதி கேட்டபோது அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது. ஆயினும் அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அம்முறையை வெளியிட்டார். தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்பது அதன் பெயர். பள்ளியில் முக்கோணவியல் பாடத்தில் நீங்கள் சந்தித்த அதே கொசைன்தான்!

1992-இல் வெளியான ஜேபெக் தரம் இந்த முறையின் மேல் கட்டப்பட்டதாகும். படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளாக மாற்றி, நம் கண் எளிதில் உணராத நுட்பமான மாற்றங்களை முரட்டுத்தனமாகத் தோராயப்படுத்திவிடுகிறார்கள். அங்கேதான் இடம் மிச்சமாகிறது. தோராயப்படுத்திய விவரம் போனது போனதுதான், திரும்பி வராது.

நம் கதைக்கு வேண்டிய செய்தி இதுவே. வாட்ஸ்அப் போன்ற சேவைகள், வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை முதலில் சிறிதாக்கி, பின்னர் மீண்டும் ஒருமுறை இப்படிச் சுருக்குகின்றன. எனவே சித்தப்பாவிடமிருந்து திரும்பி வந்த படத்தில் ஏறக்குறைய எல்லா எண்களும் மாறியிருக்கும். மணமக்கள் அதே மணமக்கள், எண்களோ வேறு.

விரல்ரேகை போன்ற ஓர் எண்

முதலில் எளிய வழக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் எழுத்தும் மாறாத, அச்சு அசலான படிகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒவ்வொரு படத்தையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடலாமே என்று தோன்றும். 10,000 படங்கள் இருந்தால் இணைகள் எத்தனை? பத்தாயிரத்தை 9,999-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: 4,99,95,000. ஊண் உறக்கமின்றி வினாடிக்கு ஓர் இணை வீதம் பார்த்தாலும் 578 நாள்களுக்கு மேல் ஆகும். கணிப்பொறி நம்மைவிட வேகமானதுதான். ஆனால் படங்கள் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் அழகான குறுக்குவழி உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953-இல் எழுதிய ஓர் உள்குறிப்பில் அதன் வித்து இருக்கிறது. எவ்வளவு பெரிய செய்தியானாலும் அதைப் பிசைந்து, கலக்கி, ஒரு சிறு எண்ணாகச் சுருக்கிவிட வேண்டும். ஒரே செய்திக்கு எப்போதும் ஒரே எண் வர வேண்டும். இதை ஆங்கிலத்தில் 'ஹாஷ்' என்கிறார்கள். கொத்தி நறுக்குவது என்று பொருள். நாம் இதனை 'முத்திரை எண்' என்று வைத்துக்கொள்வோம்.

இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 என்ற முறை, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 256 பிட் நீளமுள்ள முத்திரை எண் ஒன்றைத் தரும். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி. இந்த முறையில் வரக்கூடிய வெவ்வேறு முத்திரைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். எனவே இரு வேறு படங்களுக்கு ஒரே முத்திரை தற்செயலாக அமையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 10,000 படங்களுக்கும் ஒரு முறை முத்திரை கணக்கிட்டு, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல அடுக்கிவிட்டால், ஒரே முத்திரை உடையவை அருகருகே வந்து நின்றுவிடும். ஐந்து கோடி ஒப்பீடுகள் தேவையில்லை.

நல்ல நிரல்கள் இன்னொரு சிக்கனமும் செய்கின்றன. முதலில் கோப்பின் அளவை மட்டும் பார்க்கின்றன. அளவு வேறானால் படி வேறு என்பது திண்ணம். முத்திரை கணக்கிடவே வேண்டாம்.

எம்.டி.5 என்ற பழைய முத்திரை முறையும் உண்டு. 2004-இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவுன் குழுவினர், ஒரே எம்.டி.5 முத்திரை வரும்படி இரு வேறு செய்திகளை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டினார்கள். அதன்பின் பாதுகாப்புத் துறையில் அதன் மதிப்புக் குன்றியது. ஆனால் உங்கள் திருமணப் படங்களுக்கு இடையில் யாரும் சதி செய்யப் போவதில்லை. படிகளைத் தேடுவதற்கு எம்.டி.5 இன்றும் போதுமானது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முத்திரை கணக்கிடும் கட்டளை லினக்ஸிலும் விண்டோஸிலும் கூடவே வருகிறது. ஒரு படத்தைப் பிரதி எடுத்து இரண்டுக்கும் முத்திரை கணக்கிடுங்கள், ஒன்றாகவே இருக்கும். கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் முத்திரை மாறாது, ஏனெனில் பெயர் கோப்புக்கு வெளியே இருப்பது. இப்போது பிரதியை ஒரு முறை திருப்பிச் சேமியுங்கள். முத்திரை முற்றிலும் மாறிவிடும். ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறியிருக்கும். சில நிரல்கள் படத்தைத் திருப்பும்போது ஒரு புள்ளியைக்கூடத் தொடுவதில்லை. 'இதைப் பக்கவாட்டில் காட்டுக' என்ற ஒரு குறிப்பை மட்டும் மாற்றுகின்றன. அந்த ஒரு சிறு குறிப்புக்கே இந்தப் பாடு!

இந்த முறையின் வலிமையும் பலவீனமும் இதுவே. 'ஒன்றே' என்று அது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 'வேறு' என்று சொன்னால் அதில் பொருளே இல்லை. சித்தப்பா அனுப்பிய படத்தை இது ஒருபோதும் பிடிக்காது.

பார்வைக்கு ஒன்றானவை

எனவே இதற்கு நேர்மாறான குணமுள்ள முத்திரை ஒன்று வேண்டும். சிறு மாற்றத்துக்கு அது அசையக் கூடாது. படமே வேறானால்தான் மாற வேண்டும். இத்தகைய முறைகள் பல உள்ளன. அவற்றுள் எளிதும், என் கருத்தில் மிக அழகியதுமான ஒன்றை மட்டும் விளக்குகிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

படத்தின் வண்ணங்களை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பின்னர் அதை 9 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் உள்ளதாகச் சுருக்குங்கள். ஆம், ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் வெறும் 72 ஆகிவிடும்! அந்த நிலையில் மணமகனுக்கும் குத்துவிளக்குக்கும் வேறுபாடு தெரியாது. எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது மட்டும் மிஞ்சும். இனி ஒவ்வொரு வரிசையிலும் அடுத்தடுத்த இரு புள்ளிகளை ஒப்பிடுங்கள். வலப்புறப் புள்ளி இடப்புறத்தைவிட வெளிச்சமானால் 1, இல்லையேல் 0. ஒரு வரிசைக்கு 8 ஒப்பீடுகள், 8 வரிசைகளுக்கு 64 ஒப்பீடுகள். ஆக 64 பிட்டுகள். அதுவே அப்படத்தின் முத்திரை.

சிறியதோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கு புள்ளிகள் கொண்ட மூன்று வரிசைகள். முதல் வரிசை 40, 52, 90, 85 என்க. 40-லிருந்து 52 ஏற்றம், எனவே 1. 52-லிருந்து 90 ஏற்றம், மீண்டும் 1. 90-லிருந்து 85 இறக்கம், 0. வரிசையின் முத்திரை 110. இரண்டாம் வரிசை 120, 110, 130, 131. அதன் முத்திரை 011. மூன்றாவது 70, 65, 50, 95, அது 001. மூன்றையும் சேர்த்தால் 110011001.

இப்போது அத்தை மகள் படத்துக்கு வெளிச்சம் கூட்டுகிறாள். எல்லாப் புள்ளிகளிலும் 20 கூடுகிறது. முதல் வரிசை 60, 72, 110, 105 ஆகிறது. ஏற்றம் ஏற்றமாகவும் இறக்கம் இறக்கமாகவும் அப்படியே இருப்பதால் முத்திரையில் ஒரு பிட்கூட மாறவில்லை. அடுத்து வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. எண்கள் சற்றே தள்ளாடுகின்றன. இரண்டாம் வரிசையின் கடைசி இரு புள்ளிகள் 130, 131 என்பதற்குப் பதில் 131, 130 ஆகிவிட்டன என்று கொள்வோம். அந்த வரிசையின் முத்திரை 010 ஆகும். ஒன்பது பிட்டுகளில் ஒன்றே ஒன்று மாறியது.

இரு முத்திரைகளுக்கு இடையே எத்தனை பிட்டுகள் வேறுபடுகின்றன என்ற எண்ணிக்கைக்கு ஹாமிங் தொலைவு என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாமிங், செய்தித் தொடர்பில் நேரும் பிழைகளைத் திருத்துவது பற்றி 1950-இல் எழுதிய கட்டுரையில் வந்த கருத்து இது. படங்களுக்கும் அது அருமையாகப் பொருந்துகிறது. எந்தத் தொடர்பும் இல்லாத இரு படங்களின் 64 பிட் முத்திரைகளை ஒப்பிட்டால், காசைச் சுண்டிப் போட்டதுபோலச் சராசரியாக 32 பிட்டுகள் வேறுபடும். ஒரே படத்தின் இரு படிகளுக்கிடையே வேறுபாடு நாலைந்துக்குள் அடங்கிவிடுவது வழக்கம். எனவே எல்லை ஒன்றை நாம் வகுக்க வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் படி எனலாம். பத்து வரை சந்தேகம் எனலாம். அதற்கு மேல் வேறு படம்.

இதே வகைக் கருத்து மிகக் கடுமையான ஒரு பணிக்கும் உதவுகிறது. குழந்தைகளைக் கொடுமைப்படுத்தும் படங்கள் இணையத்தில் மீண்டும் மீண்டும் பரவுவதைத் தடுக்க, மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீதும் 2009-இல் போட்டோ டி.என்.ஏ. என்ற முறையை உருவாக்கினார்கள். அறியப்பட்ட அத்தகைய படம் சிறிது மாற்றப்பட்டு மறுபடி ஏற்றப்பட்டாலும் அது அடையாளம் கண்டுவிடும்.

எங்கே தவறும்?

எல்லை வகுப்பது என்றாலே இரு பக்கமும் தவறு நேரும் என்று பொருள். எல்லையை இறுக்கினால் உண்மையான படிகள் தப்பிவிடும். தளர்த்தினால் படியல்லாதவை சிக்கிக்கொள்ளும். முதல் தவறு பரவாயில்லை, சிறிது இடம் வீணாகும். இரண்டாவது தவறில்தான் படம் அழிகிறது.

மதிப்பெண் பட்டியல்களை எண்ணிப் பாருங்கள். ஆறு பருவங்களுக்கும் ஆறு பட்டியல்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். மேலே ஒரே சின்னம், ஒரே கட்டங்கள், ஒரே வெள்ளைத் தாள். 72 புள்ளிகளாகச் சுருக்கினால் ஆறும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். எண்களும் எழுத்துகளும் அங்கே சாம்பல் நிறத் திட்டாகக் கரைந்துவிட்டனவே! குடும்ப அட்டை, நிலப் பத்திரம், நூலகத்தில் படமெடுத்த புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம். 'ஒத்த படங்கள்' என்று நிரல் திரட்டிக் காட்டும் பட்டியலில் தாள்களின் படங்கள் இருந்தால், அவற்றைத் தானாக நீக்க விடாதீர்கள். என்னைக் கேட்டால், இத்தகைய ஆவணப் படங்களைத் தேடுதலுக்கு முன்பே வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுவது நலம்.

அடுத்தது தொடர்ச்சியாக எடுத்த படங்கள். குழந்தை கேக் வெட்டும்போது பொத்தானை அழுத்திக்கொண்டே பத்துப் படங்கள் எடுத்திருப்பீர்கள். முத்திரைகள் பத்தும் நெருங்கியே இருக்கும். ஆனால் ஒன்றில்தான் பாட்டி கண்ணை மூடாமல் சிரிக்கிறார். எது படி, எது வேறு தருணம் என்பதை 64 பிட்டுகளால் சொல்ல இயலாது.

மறுபுறம், ஓரங்களை வெட்டிய படத்தில் இந்த முறை தடுமாறும். பாதியை வெட்டிவிட்டால் வெளிச்சமும் நிழலும் இடம் மாறிவிடுகின்றன அல்லவா? கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிய படத்தையும், பக்கவாட்டில் திருப்பிய படத்தையும் இது அறியாது. இவற்றுக்காக வேறு முறைகள் உள்ளன. கனடாவைச் சேர்ந்த டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட முறை, படத்தில் உள்ள மூலைகள், திட்டுகள் போன்ற தனித்த அடையாளங்களைப் பொறுக்கியெடுத்து, அவை அளவிலோ கோணத்திலோ மாறினாலும் அடையாளம் காணும். இன்றைய நரம்பு வலை முறைகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, படத்தில் இருப்பது என்ன என்பதையே எண்களின் வரிசையாக்கி ஒப்பிடுகின்றன. இவை அதிகக் கணிப்பு வேலை கேட்பவை. வீட்டுப் படங்களுக்கு எளிய முறையே பெரும்பாலும் போதும்.

எதை வைப்பது, எதை விடுவது?

படிகள் அகப்பட்டுவிட்டன. இனித்தான் மனிதரின் முடிவு. 'பெரிய கோப்பே நல்ல படம்' என்று பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படியல்ல. சுருங்கிப்போன ஒரு படத்தைத் திறந்து, உயர்ந்த தரத்தில் மீண்டும் சேமித்தால் கோப்பு பெருக்கும். இழந்த விவரம் ஒன்றும் திரும்பாது. திரையைப் படம்பிடித்தால் வரும் பி.என்.ஜி. வகைக் கோப்பு, எந்த விவரத்தையும் தோராயப்படுத்தாமல் சேமிப்பதால் சில வேளை மூலத்தைவிடப் பெரிதாகவும் இருக்கும். ஆனால் அதில் உள்ளவை திரையில் இருந்த புள்ளிகள் மட்டுமே. முதலில் பார்க்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கை. அதன்பின் கோப்பின் அளவு.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கேமரா ஒரு படத்தை எழுதும்போது, எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர், சில வேளை எடுத்த இடம் ஆகியவற்றையும் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்னும் இந்த முறை 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. இணையச் சேமிப்பகம் உங்கள் படங்களை ஆண்டு வாரியாக அடுக்குவது இதைப் படித்துத்தான். வாட்ஸ்அப் வழியே படமாகச் செல்லும்போது இக்குறிப்புகள் நீக்கப்படுகின்றன. எனவே அந்தப் படி, எடுத்த நாளில் நிற்காமல், வந்து சேர்ந்த நாளில் போய் நிற்கும். 2016-இல் எடுத்த தாத்தாவின் படத்தை யாரோ 2024-இல் அனுப்பினால் அது 2024-இல் இருக்கும். மூலத்தை நீக்கிவிட்டு இந்தப் படியை வைத்துக்கொண்டால் உருவம் மிஞ்சும், நாள் போய்விடும். பேரன் பேத்திகள் பிற்காலத்தில் பார்க்கும்போது, எந்த வயதில் எடுத்தது என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாட்ஸ்அப் வழி வந்த படங்களின் பெயரில், தேதியை அடுத்து 'டபிள்யூ', 'ஏ' என்ற இரு ஆங்கில எழுத்துகள் இருக்கும். மூலத்தையும் படியையும் பிரித்தறிய இது எளிய அடையாளம். நல்ல படத்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டுமானால், படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு மாறாமல் குறிப்புகளோடு போய்ச் சேரும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு வகை இரட்டிப்பு நேரும். 2017-இல் வெளியான ஐ.ஓ.எஸ். 11 முதல், புதிய ஐபோன்கள் எச்.இ.ஐ.சி. என்ற சிக்கன வகையில் படங்களைச் சேமிக்கின்றன. மற்றவர்க்கு அனுப்பும்போதோ கணிப்பொறிக்கு மாற்றும்போதோ அது ஜேபெக்காக மாற்றப்படுவதுண்டு. இரண்டும் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பார்வைக்கு ஒன்று, முத்திரைக்கு இரண்டு. இங்கே பெரும்பாலும் எச்.இ.ஐ.சி.தான் மூலம், அளவில் சிறிதாக இருக்கிறதே என்று அதை நீக்கிவிடாதீர்கள்.

நீக்கும் வேலை

இணையச் சேமிப்பகங்கள் இதில் எவ்வளவு உதவுகின்றன? அச்சு அசலான படியை மறுபடி ஏற்றினால் கூகுள் போட்டோஸ் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். 2023-இல் ஒத்த படங்களை ஓர் அடுக்காகச் சேர்த்துக் காட்டும் வசதியையும் கொண்டு வந்தது. ஆனால் அடுக்குவது வேறு, நீக்குவது வேறு. ஆப்பிள் நிறுவனம் 2022-இல் ஐ.ஓ.எஸ். 16-உடன் 'இரட்டிப்பானவை' என்ற தொகுப்பை அளித்தது. அதில் 'இணை' என்பதை அழுத்தினால், படிகளில் தரம் மிகுந்ததை வைத்து, மற்றவற்றின் குறிப்புகளை அதனுடன் சேர்த்து, மீதியை நீக்கப்பட்டவற்றின் பெட்டிக்கு அனுப்பிவிடும்.

'உங்கள் கூகுள் படங்களில் உள்ள படிகளை ஒரே சொடுக்கில் நீக்குகிறோம்' என்று சொல்லும் வெளி நிரல்கள் குறித்து எச்சரிக்கை தேவை. 2025 மார்ச் 31-க்குப் பின், வெளி நிரல்கள் தாம் ஏற்றிய படங்களைத் தவிர உங்கள் முழுத் தொகுப்பையும் படிக்கும் வழியைக் கூகுள் அடைத்துவிட்டது. இப்போது அவ்வாறு செய்பவை, உங்கள் உலாவியில் உங்கள் பெயரிலேயே உட்புகுந்து வேலை செய்பவையாக இருக்கும். கணக்கின் சாவியையே கொடுப்பதற்குச் சமம் இது.

பாதுகாப்பான வழி சற்றுச் சுற்று. கூகுள் டேக்அவுட் என்ற சேவை மூலம் எல்லாப் படங்களையும் உங்கள் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளலாம். அங்கே டூப்குரு, ச்காவ்கா, டிஜிகேம் ஆகிய இலவச நிரல்களில் ஒன்றைக் கொண்டு தேடலாம். நாம் மேலே கண்ட இரு வகைத் தேடலையும் டூப்குருவும் ச்காவ்காவும் செய்யும்: எழுத்து மாறாத படிகளைத் தனியே, பார்வைக்கு ஒத்தவற்றைத் தனியே. முதல் வகையை முதலில் முடியுங்கள். அதில் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாம் வகையைப் பொறுமையாக, கண்ணால் பார்த்துத் தீர்மானியுங்கள். டேக்அவுட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் தொகுப்பில் சேர்த்த படம், ஆண்டுக்குரிய அடைவில் ஒருமுறையும் தொகுப்பின் அடைவில் ஒருமுறையுமாக இரண்டு தடவை வரும். அவற்றைக் கண்டு 'அடேயப்பா, இத்தனை படிகளா!' என்று மலைக்க வேண்டாம். இணையத்தில் அது ஒரே படம்தான்.

இதிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இணையத் தொகுப்பு என்பது பழைய காலத்து ஆல்பம் போன்றதன்று. பள்ளி ஆண்டுவிழா, சுற்றுலா என இரு தொகுப்புகளில் ஒரே படத்தைச் சேர்த்தால் அங்கே இரு படங்கள் இல்லை. ஒரு படத்தைச் சுட்டும் இரு குறிப்புகளே உள்ளன. 'இங்கேயும் இருக்கிறதே' என்று ஒன்றைக் குப்பைக்கு அனுப்பினால் இரண்டு இடத்திலிருந்தும் மறையும். தொகுப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமானால், 'தொகுப்பிலிருந்து அகற்று' என்பதை அழுத்த வேண்டும்.

கைபேசிக்கும் இணையத்துக்கும் இடையிலும் இதே கதைதான். 'இணையத்தில் நீக்கினாலும் கைபேசியில் இருக்குமே' என்று எண்ணுகிறோம். கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால், அது இணையத்திலிருந்தும் அந்தக் கைபேசியிலிருந்தும் போகும். ஐகிளவுடிலும் ஒரு கருவியில் நீக்கியது எல்லாக் கருவிகளிலும் நீங்கும். இரண்டு இடத்தில் தெரிவதால் இரண்டு படி இருப்பதாக ஆகாது. அவை ஒத்திசைக்கப்பட்டவை, ஒன்றின் நிழல் மற்றொன்று. ஆகவே தொடங்கும் முன், டேக்அவுட் மூலம் இறக்கிய முழுத் தொகுப்பையும் வெளி வன்தட்டு ஒன்றில் அப்படியே எழுதி, அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். கழற்றி வைத்த தட்டை எந்த ஒத்திசைவும் தொடாது.

பிறகு ஓர் ஆண்டின் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். நீக்கியவை உடனே அழிந்துவிடுவதில்லை. இணையத்தில் ஏறியிருந்த படமானால் கூகுள் போட்டோஸ் குப்பைப் பெட்டியில் 60 நாள் இருக்கும். ஆப்பிளில் நீக்கப்பட்டவற்றின் பெட்டியில் 30 நாள். அந்த நாள்களுக்குள் வீட்டில் உள்ளவர்களைப் பழைய படங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'அந்த ஊஞ்சல் படம் எங்கே?' என்று பாட்டி கேட்டால், பெட்டியைத் திறந்து அதை மீட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டின் படங்களுக்குச் செல்லலாம்.